உப்பைக் குவிக்கலாம், கரண்டைக் குவிக்கலாமா?

ஆடி மாதத்தில் தூத்துக்குடிக்குப் போகிற பெண்கள் தலையில் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. இது தெரியாமல் நான் ஒரு முழம் மல்லிகையைச் சூடிக்கொண்டு போய் இறங்கினேன். ரயிலடியிலிருந்து பெரியம்மா வீட்டு வாசலை அடைவதற்குள் பூ ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகப் பிரிந்துவிட்டோம்.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. உன் பூ எம்மாத்திரம், ஏட்டி?" என்று சிரித்துக்கொண்டே பெரியம்மா கதவைத் திறந்தாள். திறந்த கதவைத் திரும்பச் சாத்துவதற்குள் எங்கள் இருவருக்கும் மூச்சு வாங்கிவிட்டது.

பனிமய மாதா திருவிழாச் சமயம். ஊர் முழுவதும் விளக்கு அலங்காரம். இரவு சாப்பாடு ஆனதும் பெரியம்மா ஒரு பழைய பத்திரிகையை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் விரித்தாள். ஒரு செய்தியைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டிருந்தது. வீடுகளுக்கெல்லாம் ஸ்மார்ட் மீட்டர் என்று ஒன்று வரப் போகிறது. எந்த நேரத்தில் எவ்வளவு செலவழித்தோம் என்று அது கணக்கு வைக்கும். அதைக் கொண்டு பகலுக்கு ஒரு விலை, சாயங்காலத்துக்கு ஒரு விலை என்று வாங்கலாம் என்பது செய்தி.

"நீ பத்திரிகையில இருக்கவ. நீயே சொல்லு. காத்துக்குக் காசு கிடையாது; வெயிலுக்கும் காசு கிடையாது. ஊரைச் சுத்தி இத்தனை காத்தாடி நிக்குது. பிறகு எதுக்கு ராத்திரி கரண்டுக்கு மட்டும் விலை கூட? நல்லாக் காத்தடிக்கிற நாளையில எடுத்து, நம்ம ஊர் உப்பைக் குவிக்கிற மாதிரிக் குவிச்சு வைக்க வேண்டியதுதானே?"

நான் காலேஜில் படித்தவள். ஆனாலும் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன், பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். அந்த "நாளைக்கு" வர ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் சில புத்தகங்களையும், விவரம் தெரிந்த சில மனிதர்களையும் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை, பெரியம்மாவுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அம்பாரமும் உரலும்

மறுநாள் காலையில் பெரியம்மா என்னை முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளம் பார்க்க அழைத்துக்கொண்டு போனாள். பாத்திகளில் தண்ணீர் கண்ணாடி போல் நிற்கிறது. மேலே வெயில், பக்கவாட்டில் கச்சான் காற்று. இரண்டும் சேர்ந்தால்தான் தண்ணீர் சுண்டி உப்பு விளையும். அந்த வெயிலில் கண் கூசக் கூசப் பெண்கள் உப்பைச் சுமந்து வந்து அம்பாரமாகக் கொட்டுகிறார்கள். மழைக்கு முன்னால் அதைப் போர்த்தி மூடிவிட்டால் போதும். மாசிக்கும் விற்கலாம், பங்குனிக்கும் விற்கலாம்.

அதே முள்ளக்காட்டில்தான் 1986-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை அமைந்தது. அன்று வைத்த எந்திரம் ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்று நிறுத்துகிற எந்திரம் ஒன்றே 2,000, 3,000 கிலோவாட் என்று இருக்கிறது. ஆகவே உப்புக்கும் மின்சாரத்துக்கும் இந்த ஊரில் தாயும் தந்தையும் ஒன்றுதான்: வெயிலும் காற்றும். ஆனால் பிள்ளைகளின் குணம் வேறு. உப்பு காத்திருக்கும். மின்சாரம் காத்திருக்காது.

நீங்கள் சுவிட்சைத் தட்டியதும் எரிகிற விளக்குக்கான மின்சாரம் நேற்று செய்து வைத்ததல்ல. அந்தக் கணத்தில்தான் எங்கேயோ உற்பத்தியாகிறது. ஊரில் எவ்வளவு செலவோ அவ்வளவு வரவும் ஒவ்வொரு விநாடியும் இருந்தாக வேண்டும்.

முன்னெல்லாம் இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்களே, நினைவிருக்கிறதா? தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும். அல்லது கை போய்விடும். மின்சார உலகத்தின் தாளத்துக்கு எண் 50. விநாடிக்கு 50 தடவை மின்னோட்டம் முன்னும் பின்னும் போய் வருகிறது. தூத்துக்குடியில் சுழலும் எந்திரமும், டில்லிப் பக்கம் சுழலும் எந்திரமும் இந்த ஒரே தாளத்துக்கு ஆடுகின்றன. செலவு மிஞ்சினால் தாளம் தளரும். வரவு மிஞ்சினால் துரிதமாகும். 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் அதை நிறுத்தி வைப்பதுதான் மின்வலையைக் காப்பவர்களின் தினசரிப் பாடு.

விறகடுப்பும் விருந்தாளியும்

காற்றுக்குக் காத்திருப்பது தூத்துக்குடிக்குப் புதிதல்ல. கொழும்புக்குப் போகும் பாய்மரத் தோணிகள் காற்றின் போக்கைப் பார்த்துத்தான் புறப்பட்டன. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். நிலக்கரி வந்த பிறகு காற்றைக் கேட்டுப் புறப்பட வேண்டியதில்லை என்றாயிற்று. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே அனல் மின் நிலையம் வந்தது. அதன் முதல் எந்திரம் 1979-இல் ஓடத் தொடங்கியது. கப்பலில் கரி வரும். வேண்டியபோது கரியைப் போட்டு மின்சாரம் எடுக்கலாம்.

இப்போது கரிப் புகையால் உலகமே சூடேறுகிறது என்று தெரிந்து, மறுபடியும் காற்றையும் வெயிலையும் தேடுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் காற்று, அழைத்தபோது வருகிற வேலைக்காரரல்ல. தனக்குத் தோன்றியபோது வருகிற விருந்தாளி.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக வைகாசியில் புறப்படுகிறது காற்று, ஆனி, ஆடி, ஆவணியில் அட்டகாசம் செய்கிறது, புரட்டாசியோடு விடைபெற்றுக்கொள்கிறது. 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் அளவுக்குத் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் மின்சாரம் கொடுத்தன. அதே காற்றாலைகள், அதே தமிழ்நாடு. கார்த்திகையில் சில நாட்களில் பத்தில் ஒரு பங்குகூடக் கொடுப்பதில்லை.

சூரியனோ ஒழுங்கான உத்தியோகஸ்தர். காலையில் வந்து, மாலை ஆறு மணிக்கு ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். நம் வீடுகளிலோ ஆறு மணிக்குத்தான் விளக்கு, மின்விசிறி, டெலிவிஷன், கிரைண்டர், ஏ.சி. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழிக்கின்றன.

"அந்த நேரத்துக்குக் கரி இருக்குல்லா?" என்று பெரியம்மா கேட்டாள். இருக்கிறது. ஆனால் அனல் மின் நிலையம் விறகடுப்பைப் போன்றது. காஸ் அடுப்பு மாதிரித் திருகினால் எரிந்து, திருகினால் அணையாது. முழுக்க அணைத்துவிட்டால் மறுபடி கொதிநிலைக்கு வரப் பல மணி நேரம் பிடிக்கும். சாயங்காலம் தேவைப்படும் என்பதற்காக மத்தியானமும் தணலை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடியில் காற்று பெருகி வரும்போது, கரியையும் ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. வாங்குவாரும் இல்லை என்றால், சுற்றத் தயாராயிருக்கும் காற்றாலையையே நிறுத்தும்படி சொல்ல நேர்கிறது. பல ஆண்டுகள் தமிழ்நாட்டுக் காற்றாலைக்காரர்கள் இதைச் சொல்லி முறையிட்டார்கள். விளைந்த உப்பைக் கடலிலே திரும்பக் கொட்டுவது போலத்தான்.

கயிறு பிடிப்பவர்

இந்தக் கடலில் முத்துக் குளித்த காலத்தில், கல்லைக் காலில் பற்றிக்கொண்டு ஒருவர் ஆழத்தில் இறங்குவார். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் மைத்துனனாயிருக்க வேண்டும் என்று சொல்வார்கள். தங்கை தாலியை நினைத்துக் கவனமாயிருப்பானாம்! கீழே இருந்து கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். ஒரு கணம் பராக்குப் பார்த்தால் உயிர் போய்விடும். 1961-இல் கடைசியாக இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. அந்தக் கயிறு பிடிக்கிற வேலை மட்டும் வேறு உருவத்தில் இன்றும் நடக்கிறது.

சென்னையில் மாநில மின்சுமையைப் பங்கிட்டு அனுப்பும் மையம் இருக்கிறது. தென்மாநிலங்களுக்குப் பொதுவாகப் பெங்களூரில் ஒன்று. தேசத்துக்குப் புதுடில்லியில் ஒன்று. அங்கே ஒரு நாளை 15 நிமிஷத்துக்கு ஒன்றாக 96 கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். நாளைக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு காற்று, எவ்வளவு வெயில், எவ்வளவு செலவு என்று முன்கூட்டியே கணிக்கிறார்கள். கணிப்பு தப்பினால் நீர் மின் நிலையத்துக்குச் சேதி போகும். மதகு திறந்து சில நிமிஷங்களில் ஈடு கட்டுவார்கள்.

கயிறு நழுவினால் என்ன ஆகும் என்பதை நம் தேசம் 2012 ஜூலை 30, 31 தேதிகளில் பார்த்தது. வட இந்தியாவில் கோடிக்கணக்கான வீடுகள் இருண்டன. ரயில்கள் நடுவழியில் நின்றன. அப்போது தென்னாட்டு வலை தனித் தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தபடியால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர் – சோலாப்பூர் பாதை வழியாக நம் வலையும் மற்றதோடு ஒரே தாளத்தில் சேர்ந்துகொண்டது. 2025 ஏப்ரல் 28-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் பட்டப்பகலில் இருண்டன. மின்னழுத்தம் கட்டுக்கு மீறி ஏறியதை அடக்க முடியாமல் போனதுதான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். வெயில் ஏராளமாய் இருந்தால் மட்டும் போதாது. கயிற்றைப் பிடிக்கிற கையும் கெட்டிக்காரக் கையாக இருக்க வேண்டும். "ஸ்மார்ட் கிரிட்" என்று சொல்கிறார்களே, அது இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு வைத்த பெயர்தான். முன்பு மின்சாரம் மட்டும் கம்பியில் ஒரு வழியாக வந்தது. இப்போது சேதியும் சேர்ந்து இரண்டு வழியிலும் போய் வருகிறது.

சரி, குவித்து வைக்கவே முடியாதா?

கொஞ்சம் முடியும். ஆனால் அதற்கு விலை உண்டு.

ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில் 1987 முதல் ஒரு வேடிக்கையான மின் நிலையம் வேலை செய்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையிலிருந்து தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவார்கள். தட்டுப்படும் நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுப்பார்கள். மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிற மாதிரிதான். ஆனால் நாலு யூனிட் போட்டால் சுமார் மூன்றுதான் திரும்பும். பெரிய பெரிய பாட்டரிகளும் வருகின்றன. விலை இறங்கி வருகிறது என்றாலும் மாநிலம் முழுவதற்கும் காணாது.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025-இல் இன்னொரு வழியைச் சிறிய அளவில் தொடங்கினார்கள். பசுமை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதைக் கொண்டு துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளை எரிப்பது. கரியைக் கப்பல் கப்பலாக இறக்கிய ஊரில் இது ஒரு புதுக் கோலத்தின் முதல் புள்ளி.

மற்றொரு வழி, மிஞ்சியதை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 6,000 மெகாவாட் தாங்கும் பெரிய பாதை 2020, 2021-இல் திறக்கப்பட்டது. நமக்குத் தட்டுப்பட்டால் வடக்கிலிருந்து வரும்; ஆடிக் காற்று மிஞ்சினால் இங்கிருந்து வடக்கே போகும்.

இவை எல்லாவற்றையும் விட மலிவான வழி ஒன்று இருக்கிறது. மின்சாரத்தைத் தள்ளிப்போட முடியாவிட்டால், வேலையைத் தள்ளிப்போடுவது. அதற்குத்தான் ஸ்மார்ட் மீட்டரும் நேரத்துக்கு ஒரு விலையும். சூரியன் இருக்கும் நேரத்தில் வழக்கமான விலையைவிட 10 முதல் 20 சதவீதம் குறைவாகவும், நெருக்கடி நேரத்தில் 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகவும் வைக்கலாம் என்று மத்திய அரசு 2023 ஜூனில் அறிவித்தது. வீடுகளில் இது ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகுதான். விலை எவ்வளவு என்பதை அந்தந்த மாநில ஆணையம் தீர்மானிக்க வேண்டும்.

மதினியின் கணக்கு

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது மதினி இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். மணி இரவு ஏழரை. மதினி பள்ளிக்கூட உபாத்தியாயினி. காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஐந்தரைக்குத்தான் வீடு.

"ஆறு மணிக்கு மேல விலை கூட, பகல்ல குறைவு. அப்படித்தானே?" என்றாள் மதினி. "பகல்ல நான் வீட்டில இருந்தாத்தானே? எனக்கு மாவாட்ட, துணி துவைக்க, இஸ்திரி போட உள்ள நேரமே ராத்திரிதான். அப்போ அது கரண்டுக்கு விலையா, வேலைக்குப் போற பொம்பளைக்கு அபராதமா?"

கிரைண்டர் சத்தத்தையும் மீறி அந்தக் கேள்வி எனக்கு நன்றாகக் கேட்டது. இத்தனை புத்தகங்களிலும் நான் காணாத கேள்வி. "நுகர்வோர் தம் உபயோகத்தை நேரம் மாற்றிக்கொள்வார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டிலே அந்த நுகர்வோர் யார்? பெரும்பாலும் ஒரு பெண். அவளுடைய தூக்கமும் ஓய்வும்தான் மாறுகிற நேரம்.

இருவருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு குதிரைசக்தி மோட்டார் தினம் அரை மணி ஓடினால் மாதம் 11 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்து, பகலில் 20 சதவீதம் குறைந்தால் மிச்சம் மாதம் 11 ரூபாய். ஆடிக் காற்றில் நான் பறிகொடுத்த ஒரு முழம் பூவுக்குக்கூடக் காணாது!

ஆனால் கணக்கை மறுபக்கமும் பாருங்கள். பத்து லட்சம் வீடுகளில் சாயங்காலம் ஒரே சமயத்தில் அந்த மோட்டாரைப் போட்டால் 750 மெகாவாட் வேண்டும். அது தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் எந்திரங்கள் மூன்றரையை முழு மூச்சில் ஓட்டுவதற்குச் சமம். அந்தப் பத்து லட்சம் மோட்டார்களும் உச்சி வெயிலில் ஓடினால், அவ்வளவு கரியும் மிச்சம். ஒரு வீட்டுக்கு அற்பம், ஊருக்கு மலை.

ஆகவே லாபம் ஊருக்கு என்றால், பாரத்தை ஒருத்தி தலையில் மட்டும் ஏற்றக் கூடாது. எனக்குத் தோன்றிய நியாயம் இதுதான். வீட்டு வேலைகளை இரண்டாகப் பிரிக்கலாம்: காத்திருக்கக் கூடியவை, காத்திருக்க முடியாதவை. மாடித் தொட்டி மோட்டார் காத்திருக்கும். சலவை எந்திரம் காத்திருக்கும். இத்தனை மணி கழித்து ஓடு என்று சொல்லி வைக்கிற வசதி பல எந்திரங்களில் இருக்கிறது. வாரத்து இஸ்திரி ஞாயிறு பகலுக்குக் காத்திருக்கும். கைக்குழந்தைக்கு மின்விசிறி காத்திருக்காது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் விளக்கு காத்திருக்காது. வேலையிலிருந்து திரும்பியவள் ஆட்டுகிற மாவும் காத்திருக்காது. விலை வைப்பவர்கள் முதல் வகைக்குச் சலுகை கொடுக்கட்டும். இரண்டாம் வகைக்குத் தண்டம் விதிக்க வேண்டாம்.

சொந்த மொட்டை மாடி உள்ளவர்களுக்குக் கூரையில் சூரியத் தகடு போட 2024 முதல் மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. வாடகை வீட்டுக்காரிக்கு மாடியும் இல்லை, மானியமும் இல்லை. அவளுக்குக் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். அந்த நேரத்தையும் யாரும் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது அல்லவா?

பெரியம்மா இத்தனை நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் தீர்ப்புச் சொன்னாள்:

"மிஷினு காத்திருக்கட்டும். மனுஷி எதுக்குக் காத்திருக்கணும்?"

சென்னை திரும்பிப் பத்து நாள் கழித்து டெலிபோனில் பேசினேன். மதினிதான் எடுத்தாள். மாடித் தொட்டி மோட்டாரை இப்போதெல்லாம் மத்தியானம் ஒரு மணிக்கே போட்டுவிடுகிறார்களாம்.

"நீங்கதான் வீட்டில் இல்லையே, மதினி! மோட்டாரைப் போடுகிறது யார்? பெரியம்மாவா?"

"அத்தைக்கு அந்த சுவிட்சு எட்டாதே!" என்று சிரித்தாள் மதினி. "உங்க அண்ணன் கடையைப் பூட்டிட்டு மத்தியானம் சாப்பிட வர்றாங்கல்லா? சோறு வேணும்னா முதல்ல மோட்டாரைப் போடுன்னு அத்தை சொல்லிட்டாங்க. சலவை மிஷினும் இப்ப அவங்க பொறுப்புத்தான்."